ஆந்தைக் குஞ்சுகளும் ஆயாக் கொட்டகையும்

(சுங்கைப் பட்டாணியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த வட்டாரத்து மேடைகளில் பேச வருகிறவர்கள் 1025இல் கடாரம் கொண்ட இராசேந்திர சோழனிடமிருந்து தொடங்குவது வழக்கம். பூஜாங் பள்ளத்தாக்கு கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது அந்த ஆசையை அடக்குவது சிரமம்தான். நான் 1992இல் வெளிவந்த ஓர் ஆந்தைக் கதையிலிருந்து தொடங்குகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடும்பமாகச் சேர்ந்து வாசிக்க, அன்பைப் பற்றிய சிறுவர் நூல்கள். இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. பத்து நூல்களின் பட்டியல் ஒன்றும் கொண்டுவரச் சொன்னார்கள். பட்டியல் போட்டேன், வீட்டு மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மறந்துபோய் அல்ல. அதிலிருந்த ஒரு நூலை என் வீட்டில் வாசித்தபோது நடந்ததற்குப் பிறகு, அந்தப் பட்டியலை அப்படியே நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

பள்ளி விடுமுறைக்குப் பினாங்கிலிருந்து பேத்தி வந்திருந்தாள். ஐந்து வயது. மார்ட்டின் வாடல் எழுதி பேட்ரிக் பென்சன் படம் வரைந்த 'ஔல் பேபீஸ்' என்ற படநூலை அவளுக்காக வாங்கி வைத்திருந்தேன். வாடல் வட அயர்லாந்துக்காரர். சிறுவர் எழுத்துக்காக 2004இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்றவர். கதை மிகச் சின்னது. மரப் பொந்தில் மூன்று ஆந்தைக் குஞ்சுகள். நடு இரவில் விழித்துப் பார்க்கின்றன, தாயைக் காணோம். பொந்தைவிட்டு வெளியே வந்து கிளையில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு உட்கார்கின்றன. பெரியது தைரியம் சொல்கிறது, நடுவில் உள்ளது அதற்கு ஒத்து ஊதுகிறது, கடைக்குட்டிக்கோ அம்மா வேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. கடைசியில் தாய் பறந்து வருகிறாள். அவ்வளவுதான். பக்கமெல்லாம் கறுப்பு இரவு. அதில் மூன்று வெள்ளைப் பஞ்சுருண்டைகள்.

புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. நான் பக்கத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து சாய்வு நாற்காலியில் என் அம்மா. எண்பதைத் தாண்டியவர். பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவர். நான் கதை சொன்னால் கண்ணை மூடிக்கொள்வார்; தூங்குகிறார் என்று நினைப்போம்.

"அது எங்க போச்சு?" என்றார் கண்ணைத் திறக்காமலே.

"எது?"

"தாய் ஆந்த."

"இரை தேடப் போயிருக்கும்மா."

"அப்ப வேலைக்குப் போயிருக்குன்னு சொல்லு. காணோம் காணோம்னு புள்ளைய பயமுறுத்திக்கிட்டு."

பேத்தி சிரித்தாள். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அம்மா விடவில்லை.

"புள்ளைங்கள யாருகிட்ட விட்டுட்டுப் போச்சு?"

"யாரும் இல்லம்மா. மூணும் தனியா இருக்கு."

"ஆயா இல்லியா?"

"ஆயான்னா யாரு?" என்று பேத்தி கேட்டாள். அன்று கதை அந்தக் கிளையிலேயே நின்றுபோனது. அம்மா ஒரு மணி நேரம் பேசினார். என் அறுபத்து நான்கு வயதில் நான் முதல்முறையாகக் கேட்ட விஷயங்கள்.

தோட்டம் அறியாத இளைஞர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கித்தா என்கிற ரப்பர் மரத்தில் பால் அதிகாலைக் குளிர்ச்சியில்தான் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற மரத்துக்குள் அழுத்தம் குறைந்து ஓட்டம் மட்டுப்பட்டுவிடும். ஆகவே நான்கு, நாலரைக்கே அடுப்பு எரிய வேண்டும். விடிவதற்கு முன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுக்க வேண்டும். வெளிச்சம் வரும்போது நெறையில், அதாவது தன் பங்கு மர வரிசையில், நிற்க வேண்டும். பால் ஓடும் நேரத்தை மரம் வைத்தது. தாய் பிள்ளையைவிட்டுப் பிரியும் நேரத்தையும் அதுவே வைத்தது. தூங்கும் பிள்ளையைப் போர்வையோடு சுருட்டித் தோளில் போட்டு, இன்னொரு கையில் வாளியும் உளியும் பிடித்து, இருட்டில் லயத்து வீட்டு வரிசையிலிருந்து ஆயாக் கொட்டகைக்கு நடக்க வேண்டும். அங்கே உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். காட்டு வேலைக்கு உடம்பு ஒத்துழைக்காத ஒரு கிழவிதான் பெரும்பாலும் ஆயா. இலங்கை மலையகத்தில் இதையே பிள்ளை மடுவம் என்பார்கள். பெயர்தான் வேறு. அங்கே தேயிலை, இங்கே கித்தா. விடியலில் கைமாறும் பிள்ளை ஒன்றுதான்.

எனக்கு அந்தக் கொட்டகை நினைவிருக்கிறது. அதைவிட நன்றாக, என்னை இறக்கிவிட்டுத் திரும்பிப் பாராமல் போகும் அம்மாவின் முதுகு நினைவிருக்கிறது. என் தங்கை அழுவாள். அம்மா திரும்பமாட்டார். என் வயதுக்காரர்கள் பலரிடம் இந்த முதுகு இருக்கும். யாரும் யாரிடமும் காட்டியதில்லை. அன்று பேத்தி கேட்டாள்: "பெரிய பாட்டி, பாப்பா அழுதா நீங்க என்ன செய்வீங்க?" அம்மா சொன்னார்: "திரும்பிப் பாக்க மாட்டேன். பாத்தா கால் நகராது. ஸ்டோர் மொனை வரைக்கும் போயி, அங்க நின்னு, அழுக நிக்கிதான்னு கேப்பேன். நின்னப்புறந்தான் பிரட்டுக்குப் போவேன். அதுக்கே எத்தன நாளு கிராணிகிட்ட ஏச்சு."

ஸ்டோர் முனை எங்கள் கொட்டகைக்கு நேர் பின்னால் இருந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரியாது.

அந்த ஆந்தை நூலைப் பற்றி வாடல் ஓரிடத்தில் சொல்லியிருக்கிறார்: ஒரு கடையில் அம்மாவைத் தவறவிட்டு நின்ற சிறு குழந்தை ஒன்றைப் பார்த்ததில் பிறந்த கதையாம். கடல்களுக்கு அப்பால் ஒரு கடையில் நின்ற குழந்தை எங்கள் வீட்டுக்குள் வந்து, அறுபது வருடமாகத் திறக்காத வாயைத் திறக்கவைத்துவிட்டது. இந்தத் தலைப்பைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான் என்றுகூடச் சொல்லலாம். குடும்பமாக வாசிக்கத் தக்க நூல் எது என்றால், பிள்ளைக்கு நாம் வாசிக்கும்போது வீட்டில் மூத்தவர் ஒருவரைக் குறுக்கே பேசவைப்பதுதான். அப்படி ஒருவரும் குறுக்கிடாத நூலைப் பிள்ளை தனியாகவே வாசித்துக்கொள்ளும், நாம் எதற்கு?

ஆனால் அன்பு என்று அட்டையிலேயே எழுதியிருக்கும் நூல்கள் பல நம் வீடுகளில் இந்த வேலையைச் செய்வதில்லை. காரணம் மொழியில் இருக்கிறது. 1994இல் சாம் மெக்பிராட்னி எழுதி அனிதா ஜெராம் படம் வரைந்த 'கெஸ் ஹவ் மச் ஐ லவ் யூ' உலகெங்கும் போன நூல். குட்டி முயலும் பெரிய முயலும் தங்கள் அன்பைக் கையை விரித்து அளக்கின்றன, எம்பிக் குதித்து அளக்கின்றன, ஆற்றைத் தாண்டி, கடைசியில் நிலாவரை போய் அளக்கின்றன. இதை வகுப்பில் தமிழில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். 'நான் உன்னை நேசிக்கிறேன்' என்று சொன்னவுடன் பின்வரிசைப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்களுக்கு அது சினிமா வசனம். 'உன் மீது அன்பு செலுத்துகிறேன்' என்று மாற்றினேன். நன்னெறிக் கல்விப் பாடம் போல ஆகிவிட்டது. சிரிப்பு நின்றது, கதையும் செத்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. அந்த விளையாட்டு நம்மிடம் எப்போதும் இருந்ததுதானே? "அம்மா மேல எவ்வளவு ஆசை?" என்று கேட்போம், பிள்ளை இரண்டு கையையும் விரித்து "இம்மாம் பெருசு" என்று காட்டும். "அப்பா மேல?" என்றால் கைகள் கொஞ்சம் குறுகும், அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஆசை, நமக்கு அதுதான் சொல். மறுநாள் அதே கதையை 'எவ்வளவு ஆசை' என்று சொன்னேன். பின்வரிசைக் கைகளும் விரிந்தன.

ஆனால் கவனித்துப் பாருங்கள். இந்தக் கேள்வியைப் பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போகும்வரைதான் கேட்கிறோம். அதற்குப் பிறகு "எத்தன மார்க்?" ஆசை என்ற சொல் வீட்டைவிட்டு நழுவுகிற வயது அது. பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து புத்தகம் வாசிக்கும் பழக்கம் மட்டும் இருந்தால், இன்னும் நான்கைந்து வருடம் அந்தச் சொல்லை வீட்டில் வைத்திருக்கலாம்.

தமிழர்கள் அன்பை வாய்விட்டுச் சொல்லாதவர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் பாதிக்குத்தான் உடன்பாடு. புறநானூற்றின் 188ஆம் பாட்டு, பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது. சோற்றில் கைவிட்டு அளைந்து, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைப் பற்றியது. ஓர் அரசன், தன் சாப்பாட்டு நேரம் பாழாவதை ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அன்பு என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. சிந்திய சோறு போதும். அமெரிக்காவிலும் கெட்டிக்காரர்கள் இதைத்தான் செய்திருக்கிறார்கள். மாரிஸ் செண்டாக் 1963இல் வெளியிட்ட 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' நூலில், சேட்டைக்காகச் சாப்பாடு இல்லாமல் அறைக்கு அனுப்பப்பட்ட பையன் பூதங்களின் நாடெல்லாம் சுற்றிவிட்டு வருகிறான். வந்தால் அறையில் அவனுக்காக வைத்த சாப்பாடு ஆறாமல் இருக்கிறது. அம்மாவின் முகத்தைக்கூட நூலில் எங்கும் காட்டுவதில்லை. நம் அம்மாக்களைப் போல அந்த அம்மாவும், வாய் திறக்காமலே, "பசியாறிட்டியா?" என்றுதான் கேட்கிறாள்.

பட்டியலிலிருந்து நான் அடித்துவிட்ட நூலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஷெல் சில்வர்ஸ்டீனின் 'த கிவிங் ட்ரீ', 1964. ஒரு மரம், ஒரு பையன். பழம் கொடுக்கிறது, கிளை கொடுக்கிறது, அடிமரத்தையும் கொடுக்கிறது. கடைசியில் வெறும் கட்டையாக நின்று, கிழவனாகிப்போன பையனுக்கு உட்கார இடம் கொடுக்கிறது. அன்னையர் தினம் வந்தால் ஆசிரியர்கள் இதைத்தான் எடுக்கிறார்கள். தாயன்பு என்றால் இந்த மரம் என்கிறார்கள். எடுத்தவர்களில் நானும் ஒருத்தி. மரத்தோடு வாழ்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்வதில் எனக்கு இப்போது சங்கடம் இருக்கிறது. கித்தா மரமும் கொடுத்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் அதன் பட்டையைச் சீவி, மங்கு கட்டி, இருபத்தைந்து முப்பது வருடம் பால் எடுத்து, பால் வற்றியதும் சாய்த்துவிட்டு மறுநடவு செய்தார்கள். அதை அன்பு என்று மரத்திடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது பெரிய பொய்யாக இருந்திருக்கும். அதே காட்டில் அதே முப்பது வருடம் நின்ற பெண்களையும் அப்படித்தான் சீவினார்கள். ஆகவே, கட்டையாகும்வரை கொடுப்பதுதான் அம்மா என்று பிள்ளை வாய்க்குக் கதையாக ஊட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. இந்த நூலை வாசிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசித்துவிட்டு, "அந்தப் பையன் ஒருநாளாவது மரத்துக்குத் தண்ணீர் ஊத்துனானா?" என்று கேளுங்கள். பிள்ளைகள் நன்றாகச் சண்டை போடுவார்கள். அதற்காகவே வாசிக்கலாம்.

அதற்குப் பதிலாக நான் வைப்பது வெரா வில்லியம்ஸ் 1982இல் எழுதி, படமும் வரைந்த 'அ சேர் ஃபார் மை மதர்'. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு சிறுமி, அவள் அம்மா, பாட்டி. அம்மா ஒரு சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிற வேலை. வீடு தீப்பிடித்து எல்லாம் போய்விட்டது. அக்கம்பக்கத்தார் ஆளுக்கு ஒரு சாமான் கொடுத்து வேறு வீட்டில் குடிவைக்கிறார்கள். ஆனால் வேலை முடிந்து கால் கடுக்க வரும் அம்மா சாய்ந்து உட்கார ஒரு நல்ல நாற்காலி இல்லை. பெரிய கண்ணாடி ஜாடி ஒன்றில் சில்லறை சேர்க்கிறார்கள். அம்மாவுக்குக் கிடைக்கும் டிப்ஸ், பாட்டி மலிவாகக் காய் வாங்கி மிச்சப்படுத்தியது, அந்தக் கடையில் சிறுமி சின்னச் சின்ன வேலை செய்து வாங்கிய கூலியில் பாதி, எல்லாம் ஜாடிக்குள். ஜாடி நிறைந்ததும் ரோஜாப் பூப்போட்ட பெரிய நாற்காலி ஒன்று வாங்குகிறார்கள். இதில் அன்பு எங்கே இருக்கிறது என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. ஜாடிக்குள் இருக்கிறது, பக்கத்துக்குப் பக்கம் மட்டம் ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது.

இந்த நூலை நான் எங்கே வாசித்தாலும், தாத்தாமார் யாராவது இருந்தால், பேச்சு புக்கிட் சீடிமுக்குப் போய்விடும். சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்ற காலம். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். லயமும் வேலையும் பள்ளிக்கூடமும் ஒரே நாளில் போகும். அப்போதுதான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்கு சேர்த்தார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். அந்தக் காலத்துச் சம்பளத்தில் பத்து வெள்ளி என்பது வீட்டுச் சோற்றிலிருந்து எடுப்பது. அப்படிச் சேர்ந்த பணத்தில் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம்.

அமெரிக்கச் சிறுமியின் ஜாடியில் ஒரு நாற்காலி இருந்தது. நம் தாத்தாக்களின் ஜாடியில் ஒரு தோட்டமே இருந்தது. ஆனால் நாற்காலிக்குப் படநூல் இருக்கிறது, தோட்டத்துக்கு இல்லை. கூட்டுறவுக் கூட்டங்களில் பேசுகிறோம், ஆண்டு மலர்களில் எழுதுகிறோம். ஐந்து வயதுப் பிள்ளையின் மடியில் வைக்க முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு புத்தகம் நாம் செய்யவில்லை.

எழுத ஆளில்லை என்று சொல்ல முடியாது. இந்த மாநிலத்து எழுத்தாளர்கள் தோட்டத்தை அப்படி எழுதியிருக்கிறார்கள். சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' இருக்கிறது. 2017இல் அவருக்கு விஷ்ணுபுரம் விருது கொடுத்தபோது தமிழ்நாட்டுக்காரர்கள் நம் லயத்து வீடுகளைத் திரும்பிப் பார்த்தார்கள். லூனாஸ் மண்ணில் பிறந்த ம. நவீனின் 'பேய்ச்சி' 2019இல் வந்தது, அடுத்த வருடமே அரசாங்கம் அதைத் தடை செய்தது. தாய்மையின் உக்கிரத்தைப் பற்றிய நாவல்தான்; ஆனால் இங்கே நாம் பேசுகிற வயதுக்கு அது ஆகாது. பிள்ளைகளுக்கென்று சுங்கைப் பட்டாணியின் கே. பாலமுருகன் 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' போன்ற மர்ம நாவல்கள் எழுதியிருக்கிறார். ஆசிரியராக இருப்பதால் பிள்ளைகளுக்கு எது பிடிக்கும் என்று அவருக்குத் தெரிகிறது. அவை பத்துப் பன்னிரண்டு வயதுக்காரர்கள் போர்வைக்குள் டார்ச் அடித்து வாசிக்கிற நூல்கள், வாசிக்கட்டும். நான் கேட்பது அதற்கும் முந்தைய வயதுக்கு, பாட்டியும் பேத்தியும் ஒரே பக்கத்தைப் பார்க்கும்படியாக.

மலாய்க்காரர்களுக்கு லாட் இருக்கிறார். அவருடைய 'கம்போங் பாய்' 1979இல் வந்த சித்திர நூல். பேராக் கிராமம் ஒன்றில் ஒரு பையன் பிறந்தது முதல் ஈப்போ விடுதிப் பள்ளிக்குக் கிளம்புவது வரை. அதில் அப்பா மகனைத் தங்கள் ரப்பர் நிலத்துக்கு அழைத்துப்போய்க் காட்டும் இடம் ஒன்று வருகிறது. படித்தால் இது உனக்கு என்கிறார். குண்டான அப்பா, முன்னால் ஒரு துளி போல மகன், சுற்றிலும் மரம். அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சொந்தமான கொஞ்சம் மரம். என் அப்பாவுக்கு நெறையில் நானூறு ஐந்நூறு மரம், ஒன்றும் சொந்தமில்லை. அவர் என்னைக் காட்டுக்கு அழைத்துப்போய் என்ன காட்டியிருப்பார்? உளி பிடிக்கும் விதத்தைக் காட்டினார், "இத கத்துக்காத" என்பதற்காக. அந்த ஒரு காட்சிக்கு ஒரு படநூல் வேண்டும்.

அப்பா என்றதும் கள்ளுக்கடை நினைவுக்கு வராத தோட்டத்துப் பிள்ளை குறைவு. அதையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. 1946, 47 வாக்கில் இதே பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்தை மையமாக வைத்து ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை கிளம்பியது. கள்ளுக்கடை வாசலில் மறியல். பெண்கள் பெருவாரியாகக் கலந்துகொண்டார்கள். 1947இல் பீடோங்கில் அது போலீசாரோடு மோதல் வரைக்கும் போனது. வரலாற்று நூல்கள் இதைத் தொழிலாளர் கிளர்ச்சி என்று வகைப்படுத்துகின்றன, சரிதான். ஆனால் ஒரு பிள்ளையின் கண்ணிலிருந்து பாருங்கள்: சம்பள நாளன்று அப்பா காசோடு வீட்டுக்கு வர வேண்டும் என்பதற்காக அம்மா போய்க் கடை வாசலில் உட்கார்ந்தாள். இதைவிட நேரான அன்புக் கதை எனக்குத் தெரியாது.

இனி, நடைமுறை. நம் ஊர்ப் புத்தகக் கடையில் தமிழ் சிறுவர் நூல் என்று கேட்டால் பயிற்சி நூலைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். 2021இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யூபிஎஸ்ஆரை நீக்கிவிட்டார்கள். அந்த அலமாரி மட்டும் இன்னும் கலையவில்லை. பள்ளிகளில் நீலாம் வாசிப்புத் திட்டம் இருக்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் எத்தனை நூல் என்று பதியவைப்பதால், பிள்ளைகள் ஆக மெல்லிய நூலாகத் தேடுகிறார்கள். நானே அந்தப் பதிவேட்டில் பல வருடம் கையெழுத்துப் போட்டவள். பன்னிரண்டு பக்க நூல்கள் இருபதை ஒரே வாரத்தில் 'வாசித்த' ஒரு பையனுக்குக் கைதட்டியிருக்கிறேன். யாருடைய மடியில் உட்கார்ந்து வாசித்தாய் என்று கேட்க அதில் கட்டம் இல்லை.

நூல் கிடைக்கவில்லை என்ற சாக்கு முன்போல் செல்லாது. சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் படநூல்களைத் தமிழிலும் போடுகிறது. அவற்றில் சந்தியா ராவ் எழுதிய, அம்மாவின் சேலையைப் பற்றிய சின்ன நூல் ஒன்று. சேலை ரயிலாகிறது, ஆறாகிறது, ஒளிந்துகொள்ள இடமாகிறது. சேலைத் தொட்டிலில் ஆடியவர்கள் வீட்டில் அதை வாசித்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன. இறக்கிக்கொள்ளலாம், அச்சடிக்கலாம், நம் பேச்சுக்கு மாற்றியும் எழுதலாம், அதற்கு உரிமம் உண்டு. அதில் ஆட்டோவில் போகும் பிள்ளையை நம் ஊர் பஸ்ஸில் ஏற்றினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அறக்கட்டளைக்காரர்களிடம் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் ஒருவரை மேடையேற்றி ஒரு மணி நேரம் பேசவைக்கிறீர்கள். சால்வை, மாலை, பசியாற மீகூன். அடுத்த வருடம் சொற்பொழிவை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் ஒரு படநூல் போடுங்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இந்த மாநிலத்தில் உண்டு. பள்ளிக்குப் பத்துப் பிரதி கொடுத்தாலும் தீர்ந்துவிடும். பால் வெட்டிய பாட்டி ஒருவரைப் பேசவிட்டு, இன்றைய பிள்ளைகளைப் படம் வரையவிட்டால் பாதி வேலை முடிந்தது. எழுத்தாளர்கள் மீதிப் பாதியைச் சண்டை போடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படிச் சேர்ந்து வாசிப்பது என்று சென்ற மாதம் ஒரு தாய் என்னிடம் கேட்டார். தன் மாமியாரைப் பற்றித்தான். படநூல் எழுதப்பட்டதே அவர்களுக்காகத்தானே என்றேன். இராமாயணத்தை நம் பாட்டிகள் கோயில் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்கள். எழுத்தை நீங்கள் வாசியுங்கள், படத்தை மாமியார் வாசிக்கட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் போனால் மாமியார் சொல்வதையே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் அதுதான் நடந்திருக்கிறது. விடுமுறை முடிவதற்குள் ஆந்தைக் கதையைப் பதினைந்து தடவையாவது சொல்லியிருப்பேன். மூன்றாம் நாளிலிருந்தே பேத்தி, "ஆயா வச்சுச் சொல்லு" என்று நிபந்தனை போட்டாள். அப்படி நூலில் இல்லாத ஆயா ஆந்தை ஒன்று பொந்து வாசலில் வந்து உட்கார்ந்தது. தாய் ஆந்தை போகும்போது திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்து மரத்துக்குப் போய் நின்று காது கொடுக்கிறது. கடைக்குட்டி அழுகையை நிறுத்தினால்தான் பறக்கிறது. கடைசி நாள் பேத்தி அந்த ஆயாவை ஒரு தாளில் வரைந்து, நூலின் நடுவில் பசை போட்டு ஒட்டிவிட்டாள். ஒரு கண் பெரியது, ஒரு கண் சின்னது, தலையில் முக்காடு.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் சரி. வெத்தலப் பை எங்க?" என்றார்.

பேத்தி பென்சிலைத் தேடிக்கொண்டு ஓடினாள்.